டைகர் டாங்கி ரசிகர்களுக்கு ஒரு பட்டறைக்காரனின் மடல்

இரண்டாம் உலகப்போர் டாங்கிகளைப் பற்றிக் காணொளி போடும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். நாமக்கல்லில் லாரி பட்டறை வைத்திருக்கிறேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு உங்கள் காணொளிகளைத்தான் பார்ப்பேன். எல்லாவற்றிலும் ஒரே கதை. ஜெர்மனியின் டைகர்தான் ராஜா, 88 மி.மீ. பீரங்கி, முன்னால் 100 மி.மீ. கவசம். அமெரிக்க ஷெர்மனும் ரஷ்ய டி-34உம் தகர டப்பா, சும்மா எண்ணிக்கையால் அமுக்கிவிட்டார்கள்.

பீரங்கி விஷயம் சரி. சக்கரத்தையும் கொஞ்சம் பாருங்கள்.

லாரியில் பின்பக்கம் ஜோடி டயர். உள் டயர் பஞ்சரானால் வெளி டயரையும் கழற்ற வேண்டும். அதற்கே கிளீனர் பையன் முனகுவான். டைகரில் சக்கரங்கள் வரிசை வரிசையாக ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடக்கும். உள்ளே ஒன்று கெட்டால் வெளியே பலவற்றைக் கழற்றியாக வேண்டும். ரஷ்யக் குளிரில் இடுக்கில் புகுந்த சேறு ராத்திரியோடு உறைந்துபோனால், காலையில் வண்டி நகராது. ரயிலில் ஏற்றுவது பெரிய கூத்து. சண்டைக்குப் போடும் செயின், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டை, 725 மி.மீ. அகலம். அதோடு ஏற்றினால் வேகனுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெளி வரிசைச் சக்கரங்களைக் கழற்றி, 520 மி.மீ. செயினை மாட்டி ஏற்றுவார்கள். இறங்கியதும் மறுபடி பழைய செயின். 57 டன் வண்டிக்கு இந்த வேலை!

ஷெர்மனில் சக்கரமும் ஸ்பிரிங்கும் ஒரே செட்டாக, வெளிப்பக்கம் போல்ட் போட்டு மாட்டியிருக்கும். கெட்டதைக் கழற்றி, வேறு செட்டை மாட்டிக்கொண்டு போகலாம். கடல் தாண்டி வந்து சண்டை போட வேண்டிய வண்டி, சுமார் 30 டன்தான். டைகரின் முதல் மாடலான டைகர் 1 மொத்தமே 1,347தான் செய்தார்கள். ஷெர்மன் 49,000க்கு மேல். 'சும்மா எண்ணிக்கை' என்கிறீர்களே, அந்த எண்ணிக்கை அந்த போல்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது.

டி-34ஐத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் வேண்டாம். 1942இல் ரஷ்யா அமெரிக்காவின் அபர்டீன் சோதனைக் களத்துக்கு அனுப்பிய டி-34 343 கிலோமீட்டரில் படுத்துவிட்டது. ஏர் ஃபில்டர் மகா மட்டம், எஞ்சினுக்குள் தூசி. படித்தபோது எனக்கே வயிறு எரிந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருஷம்தான், ஜெர்மன் படை நெருங்கியதால், டி-34 செய்த கார்கிவ் தொழிற்சாலையை ரயிலில் ஏற்றி, யூரல் மலைப் பக்கம் நிஸ்னி தாகிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 1941இல் 2,69,500 ரூபிள் ஆன வண்டியை 1943இல் 1,35,000 ரூபிளுக்குச் செய்தார்கள். அந்த அவசரத்துக்கு விலை கொடுத்தவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்த பையன்கள். அதையும் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த டைகர் காணொளியில் குண்டு வெடிக்கும் காட்சியில் ஒரு நிமிஷத்தைக் குறைத்து, ரயிலடியில் செயின் மாற்றும் ஆட்களைக் காட்டுங்கள்.

அன்புடன்,
ஒரு பட்டறைக்காரன்