எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்

தேவகோட்டை,
ஐப்பசி 5

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று அறிந்து நிம்மதி அடைந்தோம். கானாடுகாத்தான் வீட்டின் இரண்டாங்கட்டுக்கு ஓடு மாற்றப் பங்காளிகள் எல்லோரும் ஒருவழியாகச் சம்மதித்தார்கள் என்பதும் நல்ல செய்தி. அடைமழை பிடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டால் இன்னும் நல்லது. இங்கே நான் நலமாக இருக்கிறேன். வீட்டில் அவளுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. பங்குனியில் அக்காள் காலமானபோது நீ எழுதிய ஆறுதல் கடிதத்துக்கு நான் இன்னும் சரியாகப் பதில் எழுதவில்லை. இந்தக் கடிதத்தை அதற்கும் சேர்த்த பதிலாக வைத்துக்கொள்.

உன்னோடு வேலை பார்த்தவரின் அடக்க ஆராதனைக்குப் போயிருந்தபோது, கூடியிருந்தவர்கள் ஒரே குரலில் சொன்ன ஜெபத்தில், "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்ற வரி காதில் விழுந்ததும் திடுக்கிட்டுப் போனதாக எழுதியிருக்கிறாய். கொடுக்கல் வாங்கலில் வளர்ந்த குடும்பத்தில் பிறந்த உனக்கே, கடவுளிடம் பேசும் இடத்தில் கணக்குப் பெட்டியடிச் சொல் எதற்கு வந்தது என்று தோன்றியிருக்கிறது. அறுபது ஆண்டுகளாக அந்த வரியைத் தினமும் சொல்லிவருகிற எனக்கு அந்தக் கேள்வி எழவே இல்லை என்பதை நினைத்து வருத்தப்பட்டேன். இரண்டு வாரமாக அதே நினைவாக இருந்துவிட்டு இப்போதுதான் பேனாவை எடுக்கிறேன்.

முதலில் சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்தேயு தம் சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில், இயேசு கற்றுக்கொடுத்த இந்த ஜெபத்தை எழுதும்போது போட்டிருக்கும் கிரேக்கச் சொல், பேரேட்டில் ஒருவன் பெயரில் நிற்கும் கடனைக் குறிக்கும் சொல்லேதான். லூக்கா 11ஆம் அதிகாரத்தில் அதே ஜெபத்தை எழுதும்போது, வரியின் ஒரு பாதியில் "பாவங்கள்" என்றும் மறுபாதியில் "கடன்பட்ட எவனுக்கும்" என்றும் இரண்டையும் கலந்து வைக்கிறார். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல் வழங்கியதுதான் இதற்குக் காரணம் என்று வேத அறிஞர்கள் சொல்கிறார்கள். ஆகவே நீ நினைத்ததுபோல அது வெளியிலிருந்து ஜெபத்துக்குள் வந்த சொல் அல்ல. அந்த ஜெபம் பிறந்த மொழியிலேயே இருந்த சொல்.

தமிழனுக்கு இது புரியாமல் போக நியாயமே இல்லை. காலைக்கடன் என்கிறோம், நேர்த்திக்கடன் என்கிறோம், செத்தவர்களுக்குச் செய்வதை இறுதிக்கடன் என்கிறோம். உங்கள் வளவில் விளக்கேற்றிவிட்டு உன் அப்பத்தா "என் கடன் பணி செய்து கிடப்பதே" என்று முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்தக் கடன் வட்டிக்கு வாங்கிய கடனா? கொடுக்கவேண்டியதற்கும் செய்யவேண்டியதற்கும் நாம் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறோம். இந்த வரியில் பாவம் என்று மட்டும் இருந்திருந்தால், நான் செய்த கெட்ட காரியங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை என்று எழுந்து போயிருப்பேன். கடன் என்று இருப்பதால், செய்யாமல் விட்டவையும் கணக்கில் ஏறிவிடுகின்றன. அந்தப் பட்டியல் எனக்கு மிகவும் நீளமானது.

கடனை மன்னிப்பது என்றால் என்ன என்று எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தது வேதப் புத்தகம் அல்ல, உங்கள் வீட்டில் கணக்கு எழுதும் இடமாக இருந்த பட்டாலை. என் அப்பா உன் ஐயாவிடம் கணக்கு எழுதிய நாட்களில், பள்ளிக்கூடம் விட்டு வந்து நாம் இருவரும் அந்தக் கணக்குப் பெட்டியின் இரு பக்கமும் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்போம். பர்மாவின் மோல்மீனில் உங்கள் குடும்பம் நடத்திய வட்டிக்கடைப் பாக்கிகள் ஆண்டுதோறும் ஐந்தொகையில் முன்கொண்டுவரப்பட்டு நின்றுகொண்டே இருந்தன. 1942இல் ஜப்பான் படை வந்து எல்லோரும் போட்டது போட்டபடி புறப்பட்டு வந்த பிறகும், 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்ட பிறகும், அந்தப் பர்மியப் பெயர்களைத் தமிழில் எழுதி எழுதி அப்பாவுக்குப் பழகிவிட்டிருந்தது. ஒரு சித்திரை மாதம் உன் ஐயா, "இனிமேல் அதெல்லாம் எழுதவேண்டாம், பிள்ளை, கழித்துவிடுங்கள்" என்றார். அப்பா பேனாவைத் தொட்டு ஒரு பக்கம் முழுவதும் கோடு இழுத்தார். அந்தத் தொகை அத்தோடு மறைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். அன்று இரவு வீட்டில் கேட்டபோது அப்பா சொன்னார்: "கழித்தால் தொகை காணாமல் போகாதுடா. அவர்கள் பக்கத்தில் கழித்ததை நம் பக்கத்தில் நட்டம் என்று எழுதவேண்டும். யாராவது ஒருத்தர் தலையில் அது ஏறித்தான் ஆகும்."

(அந்தப் பெயர்களில் பலர் 1930களில் நெல்விலை விழுந்தபோது நிலத்தையே இழந்த உழவர்கள் என்பதைப் பெரியவன் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கடன் என்ற சொல் அவர்கள் வீட்டில் எப்படி ஒலித்திருக்கும் என்பதையும் நாம் நினைக்கத்தான் வேண்டும். நீயும் இதை முன்பே என்னிடம் சொல்லியிருக்கிறாய்.)

அப்பா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் இந்த வரியின் உட்பொருள் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். மன்னிப்பு என்பது ஒன்றும் நடக்காததுபோல இருப்பது அல்ல. நடந்த நட்டத்தைக் கொடுத்தவனே தன் கணக்கில் ஏற்றுக்கொள்வது. எங்கள் வீட்டில் நான் புரொட்டஸ்டண்டு, அவள் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் என்பது உனக்குத் தெரியும். ராத்திரி ஜெபத்தில் இந்த இடம் வரும்போது, சிறுவயதில் பாடம் செய்த வழக்கப்படி அவள், "எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்பாள். எங்கள் இருவர் குரலும் அந்த ஒரு வரியில் பிரிந்து, அடுத்த வரியில் மறுபடி சேரும். என் பாடம்தான் மூலத்துக்கு நெருக்கம் என்று கல்யாணமான புதிதில் அவளோடு வாதம் செய்திருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். பொறுப்பது என்றால் சுமப்பது. கடன் என்ற என் சொல்லையும் பொறுத்தல் என்ற அவள் சொல்லையும் சேர்த்து வைத்தால்தான், என் அப்பா இழுத்த அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் தெரிகிறது.

இயேசு சொன்ன கடன் கதை ஒன்று மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது; நீ கணக்குப் பார்ப்பவன் என்பதால் உனக்கு அது பிடிக்கும். ஒரு ராஜாவிடம் ஒருவன் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அப்படியானால் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். "எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அவன் காலில் விழுகிறான். தீர்க்கவே முடியாத தொகை என்பது ராஜாவுக்குத் தெரியும், விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன், தன்னிடம் 100 வெள்ளிப்பணம் வாங்கிய கூட்டாளியின் தொண்டையைப் பிடிக்கிறான். பிரசங்கங்களில் அந்த 100 பணத்தை அற்பத் தொகை என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. 100 நாள் கூலி ஏழைக்கு அற்பமா? நம் கிராமங்களில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களிடம் கேட்டால் தெரியும். அவனுக்கு உண்மையிலேயே நட்டம்தான். அந்த நட்டத்தைத் தாங்கும்படிதான் அவனிடம் கேட்கப்பட்டது.

இனி எழுதப்போவதை இதுவரை அவளைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

பதினோரு ஆண்டுகளுக்கு முன்பு, நமக்குத் தெரிந்த ஒருவன், மளிகைக் கடைக்குச் சரக்கு எடுக்க என்னிடம் 40,000 ரூபாய் வாங்கினான். பெயரை எழுதவில்லை, நீ ஊகித்தாலும் உன்னோடு வைத்துக்கொள். புரோநோட்டு எழுதி, ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். ஒரு முறை 2,000 கொண்டுவந்தான்; நோட்டின் பின்பக்கத்தில் வரவு வைத்தோம். அதன்பிறகு வரவே இல்லை. வரவு வைத்த தேதியிலிருந்து மூன்று ஆண்டு கழிந்ததும் நோட்டுக் காலாவதி ஆனது. வழக்குக்குப் போகிற எண்ணம் எனக்கு ஒருநாளும் இல்லாததால், நான் மன்னித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் சட்டம்கூடக் காலாவதியான கடன் அழிந்துவிட்டது என்று சொல்வதில்லை. வழக்குப் போடும் வழி அடைபட்டது என்றுதான் சொல்கிறது. என் மனமும் அப்படித்தான் இருந்தது. நோட்டை பீரோவில் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன்.

சென்ற மாதம் ஒருநாள் சந்தையில் அவன் எதிரே வந்தான். என்னைக் கண்டதும் காய்ப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்தபடியே எதிர்வரிசைக்குப் போய்விட்டான். அவன் அப்படி ஒதுங்கியதைப் பார்த்தபோது எனக்குள் ஒரு திருப்தி உண்டாயிற்று. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் அது என்ன திருப்தி என்று புரிந்தது. பதினோரு ஆண்டுகளாக நான் அவனிடம் வாங்கிவந்த வட்டி அது.

அன்று ராத்திரி அந்த வரியை என்னால் சொல்ல முடியவில்லை. அவள் தன் பாடத்தைச் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்தேன். இந்த ஜெபத்தில் வேறு எந்த விண்ணப்பத்துக்கும் இயேசு விளக்கம் சேர்க்கவில்லை. இதற்கு மட்டும் ஜெபம் முடிந்த உடனே, நீங்கள் மன்னியாதிருந்தால் உங்கள் பிதாவும் மன்னியாதிருப்பார் என்று சேர்த்துச் சொல்கிறார். பழைய கிரேக்கக் கைப்பிரதிகளில் மத்தேயுவின் வரி "மன்னித்திருக்கிறதுபோல" என்று இறந்தகாலத்திலேயே இருக்கிறது. அங்கே "மன்னியும்" என்பதற்கு நிற்கும் சொல்லும், மீனவர்களான சீமோனும் அந்திரேயாவும் வலைகளை "விட்டு" இயேசுவின் பின்னே போனதற்கு நிற்கும் சொல்லும் ஒன்றுதான். பிடித்திருப்பதைக் கையிலிருந்து விடுவது. நானோ உறைக்குள் போட்டு வைத்திருந்தேன்.

அக்காளைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. 1974இல் காரைக்குடியில் நான் கல்லூரியில் சேர, அக்காள் தன் இரண்டு வளையல்களைக் கழற்றி அடகு வைத்தாள். நீ பஸ் நிறுத்தத்தில் என்னோடு நின்ற அதே ஆண்டு. வட்டி கட்ட முடியாமல் வளையல்கள் முழுகிப் போயின. அடகு வைத்ததை மீட்பது என்று சொல்கிறோம், ஆண்டவரை மீட்பர் என்று அழைக்கிறோம். இரண்டும் ஒரே சொல் என்பது எனக்கு அந்த வளையல்களால்தான் உறைத்தது. வேலை கிடைத்ததும் செய்து போடுகிறேன் என்றேன். பிறகு கல்யாணம், வீடு, பிள்ளைகள் படிப்பு. தங்கம் ஏறிக்கொண்டே போயிற்று. மாசியில் அவள் படுத்த படுக்கையாக இருந்தபோது, கண்ணாடி வளையல் போட்டிருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, உன் வளையலை நான் கடைசிவரை மீட்டே கொடுக்கவில்லை" என்றேன். அவள் என்னை உற்றுப் பார்த்து, "எந்த வளையல்டா?" என்றாள். மறந்துதான் கேட்டாளோ, மறந்ததுபோல் கேட்டாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஐம்பது ஆண்டு அதன் நட்டத்தை வெறுங்கையோடு அவள்தான் சுமந்தாள் என்பது தெரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வேதத்தில் கொலோசெயர் நிருபம் என்ற கடிதத்தில், நமக்கு எதிரிடையாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து" கிறிஸ்து அதைச் சிலுவையில் ஆணியடித்தார் என்று ஒரு வசனம் வருகிறது. அங்கே கையெழுத்து என்பது கடன்பட்டவன் தன் கைப்பட எழுதிக் கொடுக்கும் கடன்சீட்டு. அதைப் படித்த அன்றே என் குறிப்பேட்டில் அந்த 38,000 ரூபாயை என் பக்கத்தில் நட்டம் என்று எழுதித் தேதி போட்டுவிட்டேன். நோட்டு மட்டும் இன்னும் கையில் இருக்கிறது. அவன் மகளுக்குத் தையில் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். நானே கிழித்துப் போட்டுவிட்டால், அது அவன் மனதில் நின்றுகொண்டே இருக்கும்; அவனுக்கு விடுதலை இல்லை. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், கல்யாண வேளையில் அவனை அவமானப்படுத்தியதாக ஆகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். கொடுக்கல் வாங்கலில் வாங்கியவன் முகம் வாடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும் முறை ஒன்று உங்கள் வீடுகளில் இருந்திருக்கும். உன் ஐயாவோ அப்பச்சியோ அதை எப்படிச் செய்வார்கள்? ஆள் மூலம் அனுப்புவார்களா, இல்லை வீட்டுக்கு அழைத்துப் பெட்டியடியில் உட்காரவைத்துக் கொடுப்பார்களா? என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? நினைவில் இருப்பதை எழுது. ஓடு மாற்றும் வேலைக்காகக் கார்த்திகையில் நீ வருவதாக இருந்தால், நானே கானாடுகாத்தானுக்கு வந்துவிடுகிறேன். நோட்டையும் எடுத்து வருகிறேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். பேரனுக்கு எங்கள் அன்பு.

உன் நண்பன்.