நண்டு நடை எங்களுக்கு வேண்டாம்

அன்பின் மச்சான்,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததில் பெரிய ஆறுதல். படி ஏற விடாதே, அவ கேட்கமாட்டா என்பது எனக்கும் தெரியும்.

மகளின் ரொபோ அணி பற்றி நீ எழுதியதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். வீடியோவையும் போட்டேன். வண்டி முகத்தைத் திருப்பாமலே நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடியதைக் கண்டதும் ஒரே கூச்சல். "சேர், எங்களுக்கும் அந்தச் சில்லுதான் வேணும்!" கொள்ளி வைத்தது நீ, அணைக்க வேண்டியது நான்.

மெக்கானம் என்கிற அந்தச் சில்லின் கெட்டித்தனத்தை நான் மறுக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் சுவீடனில் மெக்கானம் என்ற நிறுவனத்தில் வேலை செய்த பெங்ட் இலோன் யோசித்தது அது. விளிம்பைச் சுற்றி 45 பாகை சரிவில் சின்னச் சின்ன உருளைகள். நான்கு சில்லும் முன்னோக்கிச் சுற்றினால் பக்கத்துக்குத் தள்ளும் விசைகள் ஒன்றையொன்று தின்றுவிடும். மூலைக்கு மூலை எதிரே இருக்கும் இரண்டை மட்டும் பின்னோக்கிச் சுற்றினால், மிஞ்சுவது பக்க விசைதான். உன் மகளின் எஃப்.ரீ.சி. (ஃபேர்ஸ்ற் ரெக் சலஞ்ச்) என்ற மாணவர் ரொபோப் போட்டிக்கு அது பொருத்தம். 12 அடிக்கு 12 அடி சமதளமான மெத்துத் தரை, இரண்டரை நிமிட ஆட்டம், பெரும்பகுதி நேரம் கையில் கட்டுப்பாட்டுக் கருவியோடு ஓட்டுகிற பிள்ளை. திரும்பி நிற்கிற நேரம் மிச்சம் என்றால் அங்கே புள்ளிதான்.

எங்கள் போட்டி வேறு. கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும், ஒரு சாய்தளம் ஏற வேண்டும், கடைசியில் ஒரு பெட்டியைத் தள்ள வேண்டும். ஓட்டுவதற்கு ஆள் இல்லை. கோட்டில் போகிற வண்டிக்குப் பக்கவாட்டு நடை எதற்கு? அதுக்கு நான்கு மோட்டரும் தனித்தனியாக இயங்க வேண்டும், நான்கு சில்லிலும் பாரம் சரியாக இறங்க வேண்டும், ஒன்று தரையில் படாவிட்டால் வண்டி இழுத்துக்கொண்டு போகும். எங்களிடம் இருப்பது இரண்டு மஞ்சள் கியர் மோட்டர், பின்னால் எந்தப் பக்கமும் உருளுகிற ஒரு குண்டுச் சில்லு. காசும் அவ்வளவுதான்.

ஆகவே கேள்வி சில்லின் அளவுக்கு வந்தது. மோட்டரோடு வரும் 65 மில்லிமீற்றர் சில்லு ஒரு சுற்றில் 20 சென்ரிமீற்றர் அளவில் போகும். நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்தால் செக்கனுக்கு 68 சென்ரிமீற்றர். 43 மில்லிமீற்றர் சில்லைப் போட்டால் அதே மோட்டர் செக்கனுக்கு 45தான் போகும், ஆனால் தள்ளும் விசை ஒன்றரை மடங்கு. பெட்டி தள்ளச் சின்னது நல்லம் என்று பெடியள் சொன்னார்கள். ஒரு பிள்ளை மட்டும் ஒன்றும் பேசாமல் ஒரு பலகையைச் சரித்து வைத்து, சின்னச் சில்லுப் போட்ட வண்டியை மேலே ஏற்றிக் காட்டினாள். சாய்தளத்தின் உச்சி விளிம்பில் வண்டியின் வயிறு தட்டி, சில்லு இரண்டும் அந்தரத்தில் சுற்றியது. அதோடு விவாதம் முடிந்தது, 65தான். தள்ளும் விசைக்கு வேறு வழி பார்க்கலாம்.

அந்த வேறு வழிதான் எனக்குப் பிடித்த பகுதி. மோட்டருக்கு எவ்வளவு பலம் இருந்தாலும் சில்லு வழுக்கினால் ஒன்றுமில்லை. உயர்தரப் பௌதிகத்தில் நாங்கள் மாய்ந்து மாய்ந்து படித்த சாய்தளம் நினைவிருக்கிறதா? சில்லைச் சுற்றாமல் இறுக்கிக் கட்டி, பலகையில் வைத்து மெல்ல உயர்த்து. வழுக்கத் தொடங்கும் கோணத்தின் தான்சன்தான் உராய்வுக் குணகம். பாகைமானிக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி. கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் இருந்து வரும் பிள்ளைகளின் செருப்போடு வகுப்புக்குள் வருகிற செம்மண் தூசி உனக்குத் தெரியுந்தானே. அது படிந்த சில்லு 30 பாகை வருமுன்பே வழுக்கியது. ஈரத் துணியால் துடைத்த பிறகு 40ஐத் தாண்டியது. இரண்டும் ஒரே சில்லு! போட்டிக்குக் கொழும்புக்குப் போகும்போது என்ன மறந்தாலும் துணியை மறக்க விடமாட்டேன்.

பிறகு எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்திப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பழைய ரியூப் கேட்டோம். சும்மா தந்தார். சைக்கிள் ரியூப்பை வளையமாக வெட்டி மாட்டினால் அளவு காணாது, இழுபட்டு மெலிந்துவிடுகிறது. மோட்டார்சைக்கிள் ரியூப் கச்சிதமாகப் பிடித்தது. அகலமான இறப்பர் கூடப் பிடிக்குமா என்று ஒருவன் கேட்டான். உராய்வுக்கும் பரப்பளவுக்கும் சம்பந்தமில்லை என்கிறது பாடப்புத்தகம். மென்மையான இறப்பர் அந்த விதிக்கு அவ்வளவாக அடங்குவதில்லை என்றேன், அவன் என்னை நம்பாமல் திரும்பவும் பலகையைத் தூக்கினான். நல்ல பிள்ளை.

பற்றரியையும் குண்டுச் சில்லுக்கு மேலிருந்து எடுத்து மோட்டர் அச்சுக்கு மேலே வைத்துவிட்டோம். பாரம் ஓட்டுகிற சில்லில் இருந்தால்தானே பிடி. அதற்குப் பிறகு பெட்டி முனகாமல் நகருகிறது. கோட்டில் வளைவுகளில் இன்னும் கொஞ்சம் ஆடுகிறது, அது சில்லின் குற்றமில்லை, நிரலைத் திருத்த வேண்டும்.

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவாய் என்று எழுதியிருந்தாய். பொதியில் இடமிருந்தால் அந்த மெக்கானம் சில்லில் ஒரு செற் கொண்டுவா. போட்டிக்கு அல்ல, பிள்ளைகள் கழற்றிப் பார்க்கட்டும். உருளைகள் இடப்பக்கம் சரிந்தது இரண்டு, வலப்பக்கம் சரிந்தது இரண்டு இருக்க வேண்டும். நான்கையும் ஒரே பக்கமாகத் தந்துவிடாமல் கடையிலேயே பிரித்துப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்