பனிச்சறுக்கு: வாடகைப் படிவத்தில் எடையைக் குறைத்து எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பனிக்காலம் வந்தால் மலைப் பயணம் பற்றியும் பனிச்சறுக்கு பற்றியும் நாளிதழ்களில் கட்டுரைகள் வருகின்றன. படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. அறிவுரை மட்டும் "கதகதப்பாக உடுத்துங்கள், பயிற்சியாளர் சொல்வதைக் கேளுங்கள்" என்பதோடு நின்றுவிடுகிறது. முதல் நாளே முழங்காலைக் கெடுத்துக்கொண்டு திரும்புகிறவருக்கு இவை போதாது. கருவிகளை வாடகைக்கு எடுக்கும் மேசையில் கழியும் அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி யாராவது விளக்கியிருக்க வேண்டும். அதற்காகவே இக்கடிதம்.

பூட்ஸை ஸ்கீ பலகையோடு பிணைக்கும் பூட்டுக்குப் பைண்டிங் என்று பெயர். சறுக்கும்போது அது விடாமல் பிடிக்க வேண்டும், விழும்போது காலை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசைக்கு விட வேண்டும் என்பதை அதன் முன்பகுதியிலும் பின்பகுதியிலும் உள்ள சிறு அளவுகோலில் தெரியும் எண் சொல்லும். பேச்சு வழக்கில் இது டின் (DIN) எண். எடை, உயரம், வயது, மில்லிமீட்டரில் பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் பாணி ஆகிய ஐந்தையும் ஐஎஸ்ஓ 11088 என்ற சர்வதேசத் தரத்தின் அட்டவணையில் பொருத்திப் பார்த்து அந்த எண்ணை வைப்பார்கள். எடைக்கு ஒரு வரிசையும் உயரத்துக்கு வேறொரு வரிசையும் வந்தால் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். 50 வயதைத் தொட்டவர்களுக்கு இன்னும் ஒரு வரிசை இறங்கும். பூட்ஸ் அடி நெம்புகோல் போல வேலை செய்வதால், அது நீளமாக இருந்தால் எண் குறையும்.

கூச்சப்பட்டு எடையில் பத்துக் கிலோவைக் குறைத்து எழுதினால், வேகமாகத் திரும்பும்போது ஸ்கீ தானாகக் கழன்றுவிடும். பாணியைக் குறிக்கும் கட்டத்தில் நடக்கும் தவறு இதைவிட மோசமானது. முதல் வகை நிதானமாகச் சறுக்குகிறவர்களுக்கு. மூன்றாம் வகை செங்குத்தான சரிவில் வேகமாக இறங்குகிறவர்களுக்கு. கௌரவத்துக்காக மூன்றைக் குறிக்கும் புதியவருக்கு எண் ஏறிவிடும். புதியவர்கள் பெரும்பாலும் மெதுவாகத் திருகியபடிதான் விழுகிறார்கள். அந்த விசைக்குப் பூட்டு திறக்காது. திருகல் முழுவதும் கணைக்கால் எலும்பிலும் முழங்காலிலும் இறங்கும். நண்பரின் ஸ்கீயை இரவல் வாங்குகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அந்த எண் நண்பரின் உடம்புக்கும் அவருடைய பூட்ஸுக்கும் வைத்தது.

எண் சரியாக இருந்தும் பூட்டு ஏமாற்றும் சந்தர்ப்பங்கள் உண்டு. பூட்ஸின் அடியில் பனி கட்டியாக ஒட்டியிருந்தால் அது பைண்டிங்கில் கோணலாக உட்காரும். கையில் பிடிக்கும் ஸ்கீ கோலின் நுனியால் சுரண்டிவிட்டு, முதலில் முன்பகுதியை நுழைத்து, பிறகு குதிகாலை அழுத்தி 'டக்' என்ற சத்தம் வரும்வரை மிதிக்க வேண்டும். தார்ச் சாலையில் அதே பூட்ஸோடு நடந்து நடந்து அடியின் விளிம்பு தேய்ந்திருந்தாலும் பிடி மாறிவிடும். மலையேற்ற ஸ்கீக்கான பூட்ஸ் எல்லாப் பைண்டிங்கிலும் பொருந்தாது. நுழைகிறதே என்பதற்காகப் போட்டுக்கொள்ளக் கூடாது.

பைண்டிங் எல்லாக் காயத்தையும் தடுத்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். பின்பக்கமாக உட்கார்ந்தபடி விழுந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே போன நிலையில் எழ முயல்வதுதான் முழங்கால் தசைநாரைக் கிழிக்கும் வழக்கமான விதம். சமநிலை போகிறது என்று தெரிந்தால் கைகளை முன்னால் கொண்டுவாருங்கள். விழுந்துவிட்டால், சறுக்கி நிற்கும்வரை எழப் பார்க்காதீர்கள்.

இனி பூட்ஸ். அதன் அளவு எண் பாதத்தின் நீளம், சென்டிமீட்டரில். 26.5 என்றால் இருபத்தாறரை சென்டிமீட்டர் பாதத்துக்கு. வலிக்கிறது என்று ஒரு அளவு பெரிதாகக் கேட்பவர்கள்தான் அதிகம். அதனால்தான் வலி கூடுகிறது. குதிகால் உள்ளே ஏறி இறங்க, ஆள் கொக்கிகளை இன்னும் இறுக்குவார், ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் மரத்துப்போகும். பூட்ஸுக்குள் இருக்கும் மெத்தென்ற உள்ளுறையைக் கழற்றிவிட்டு வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்சுவரை மெல்லத் தொடும்போது குதிகாலுக்குப் பின்னால் ஒன்றிரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். முழுதாக அணிந்து நிமிர்ந்து நிற்கையில் விரல் முன்னால் உரச வேண்டும்; முழங்காலை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். காலுறை ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்காலுக்குக் கீழ்வரை மடிப்பில்லாமல். இரண்டு காலுறை போட்டால் இன்னும் குளிரும். பருத்திக் காலுறை வேண்டாம், அது வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரவில் உள்ளுறையைக் கழற்றிக் காற்றில் உலர்த்துங்கள், ஹீட்டர்மேல் வைக்காதீர்கள். பிளாஸ்டிக் ஓடு சூட்டில் உருமாறும், குளிரில் விறைக்கும். ஆகவே காரில் விட்டுவைக்காமல் அறைக்குள் வைத்தால் காலையில் எளிதாக நுழையும். ஸ்கீயின் எஃகு விளிம்பைத் துணியால் துடைத்து வைக்காவிட்டால் ஒரே இரவில் துரு தெரியும்.

தங்கும் வீட்டைப் பற்றி எந்தக் கட்டுரையும் பேசுவதில்லை. புதிதாக விழுந்த உலர்ந்த பனி கன மீட்டருக்கு 100 கிலோவுக்குள் இருக்கும். நனைந்து அமுங்கிய பனி 400 கிலோவையும் தாண்டும். கூரையில் அரை மீட்டர் பனி என்றால் சதுர மீட்டருக்கு 50 கிலோவாகவும் இருக்கலாம், 200 கிலோவாகவும் இருக்கலாம். பனி பெய்து அதன்மேல் மழையும் பெய்தால் கூரையைக் கவனியுங்கள். வாசலில் பனி அள்ளும்போது மண்வாரியை நிரப்பித் தூக்காமல் தள்ளிக்கொண்டு போங்கள். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கும் நேரத்தில் பாரம் தூக்குவது இதயத்துக்குப் பெரிய சுமை.

குறியிட்ட பாதையை விட்டு வெளியே போகிறவர்களுக்கு: பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் கிளம்புகிறது, அதைக் கிளப்பிவிடுகிறவரும் பெரும்பாலும் அதில் சிக்குகிறவரோ அவருடைய கூட்டாளியோதான். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுக்காவிட்டால் நம்பிக்கை வேகமாகக் குறைகிறது. எனவே புதைந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி, பனிக்குள் குத்தித் துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் இருந்து, அவரே புதைந்துவிட்டால் மற்றவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து இதை வெட்டாமல் வெளியிடுங்கள். பனியில் நின்ற காரை இயக்கும் முன் பின்னால் போய்ப் புகைக்குழாயைத் தோண்டித் திறந்துவிட வேண்டும். அது அடைபட்டிருந்தால் கார்பன் மோனாக்சைடு காருக்குள் ஏறும்; அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வீட்டு ஹீட்டரின் புகைபோக்கி வாய்க்கும் இதுவே பொருந்தும். அறையில் இருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் மலை உயரத்தைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு படுத்துவிடாமல், முதலில் எல்லோரும் வெளியேறுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்