இட எண்ணை முதலில் கொடுங்கள்: சித்திரைத் திருவிழா உணவுக்கடைகள் பற்றி ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர், மாநகரக் காவல் ஆணையர், உணவுப் பாதுகாப்புத் துறை மாவட்ட நியமன அலுவலர் ஆகியோருக்கு,

வணக்கம்.

கொடியேற்றம் என்றைக்கு, அழகர் ஆற்றில் இறங்குவது என்றைக்கு என்பதெல்லாம் பஞ்சாங்கம் வந்த அன்றே தெரிந்துவிடுகிறது. ஆனால் தல்லாகுளத்திலோ ஆழ்வார்புரத்திலோ பஜ்ஜிக் கடை போடுகிறவருக்குத் தன் கடை எந்த இடத்தில் என்பது பெரும்பாலும் கடை போடுவதற்கு முந்தின இரவுதான் தெரிகிறது. அனுமதி வாங்குவதில் வரும் சிக்கல்கள் அநேகமாக எல்லாம் இந்தத் தாமதத்தில்தான் தொடங்குகின்றன. அதனால் எங்கள் முதல் கோரிக்கை இது: கொடியேற்றத்துக்கு 30 நாள் முன்பே கடைக்கான இட எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

பத்து நாள் கடைக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், இடத்துக்கு உரியவரின் சம்மதக் கடிதம் வேண்டும், தற்காலிக மின் இணைப்பு வேண்டும், காவல்துறையின் ஒப்புதல் வேண்டும், வேலையாட்களுக்கு மருத்துவச் சான்று வேண்டும். இதில் எதையும் தவிர்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தாளும் இன்னொரு தாளைக் கேட்கிறது. மின் இணைப்புக்குச் சம்மதக் கடிதம் வேண்டும் என்றால், அதைத் தருகிறவர் தெருவுக்குத் தெரு மாறுகிறார். ஓரிடத்தில் மாநகராட்சி, ஆற்றோரத்தில் நீர்வளத் துறை, சில சாலைகளில் நெடுஞ்சாலைத் துறை, சாமி தங்கிச் செல்லும் மண்டகப்படி வளாகங்களில் அந்தந்த நிர்வாகம். கடை இடங்களைக் குத்தகைக்கு ஏலம் எடுத்தவர் அடிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தருகிற துண்டுச்சீட்டில் அளவு, தேதி, முத்திரை எதுவும் இருப்பதில்லை. அதை இடச் சான்றாக எந்த மேசையும் ஏற்பதில்லை.

இட எண், நீள அகலம், எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, நிலம் யாருடையது, கட்டிய தொகை எவ்வளவு, இந்த ஐந்தும் அச்சடித்த ஒரே ரசீது போதும். குத்தகைதாரர் கொடுத்தாலும் இதே படிவத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடலாம்.

உணவுப் பாதுகாப்புப் பதிவைப் பொறுத்தவரை விதி நல்ல விதிதான். 2011-ல் வந்த உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு மேற்போகாதவர்களை, நடமாடும் வியாபாரியையும் தற்காலிகக் கடைக்காரரையும் சேர்த்தே, சிறு உணவு வணிகர் என்று வகைப்படுத்தின. அவர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். அந்த 2011 விதிப்படி ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டணம், ஒரு புகைப்படம், ஓர் அடையாளச் சான்று. விண்ணப்பித்த 7 நாளுக்குள் அதிகாரி பதிவு தரலாம், காரணம் எழுதி மறுக்கலாம், அல்லது ஆய்வுக்கு உத்தரவிடலாம். 7 நாளில் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை என்றால் கடையைத் தொடங்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அந்த 7 நாள் கையில் இருக்க வேண்டுமே! முந்தின இரவு இடம் கிடைத்தவருக்கு இந்தப் பாதுகாப்பால் பயன் இல்லை.

விண்ணப்பம் எங்கே சிக்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கணினி மையத்தில் வகை தேர்ந்தெடுக்கும்போது நடமாடும் உணவு வணிகர் என்பதை விட்டுவிட்டு உணவகம் என்று அழுத்திவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருபவர் விண்ணப்பத்தில் உள்ள வீட்டு முகவரியில் ஓட்டலைத் தேட வேண்டியதாகிறது. இதைவிடக் கெடுதல், மையக்காரர் தன் கைபேசி எண்ணையே போட்டுவிடுவது. திருத்தம் கேட்டு வரும் குறுஞ்செய்தி அவருக்குப் போகிறது, விண்ணப்பம் அப்படியே கிடக்கிறது, கடைக்காரருக்கு ஒன்றும் தெரிவதில்லை. 17 இலக்க விண்ணப்ப எண்ணைத்தான் பதிவெண் என்று நினைத்துப் பலகையில் எழுதி வைப்பவர்களும் உண்டு. பதிவெண் 14 இலக்கம். மண்டல அலுவலகங்களில் ஒரு நாள் முகாம் போட்டு, உணவுப் பாதுகாப்பு அலுவலர், மின்வாரியம், காவல்துறை, தீயணைப்புத் துறை, மருத்துவர் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தால் இவை அங்கேயே சரியாகிவிடும். டைபாய்டு தடுப்பூசியையும் அங்கேயே போட்டு மருத்துவச் சான்றில் எழுதிவிடலாம்.

இனி ஆய்வு. அழகர் இறங்குகிற இரவில், கூட்டம் தோளோடு தோள் இடிக்கும்போது கடைக்குள் வந்து பார்ப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. கடை திறக்கும் முதல் நாளன்றே பிற்பகலில் வாருங்கள். அடுப்பு பற்ற வைப்பதற்கு முன் நான்கு பொருள்களைப் பார்த்தால் போதும்.

முதலில் தண்ணீர். லாரியிலிருந்து டிரம்முக்கு இறங்கும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குளோரோஸ்கோப் என்ற சோதனைக் கருவியின் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். நிறம் மாறாவிட்டால் அந்த டிரம்மைத் திருப்பி அனுப்பிவிடலாம், ஒரு நிமிட வேலை.

அடுத்தது ஐஸ். ஜிகர்தண்டா, சர்பத், கரும்புச்சாறு எல்லாவற்றிலும் ஆபத்து பாலிலோ சாற்றிலோ இருப்பதைவிட ஐஸில்தான் அதிகம். பாளத்தைச் சாக்கில் சுற்றித் தரையில் போட்டுக் கட்டையால் உடைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. எங்கே வாங்கிய ஐஸ் என்று பில் கேளுங்கள், மூடியுள்ள பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது எண்ணெய். பஜ்ஜிச் சட்டியில் நுரை அடங்காமல் நின்றால், அடுப்பைக் குறைத்தும் புகை வந்தால், அந்த எண்ணெய் முடிந்துவிட்டது. எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் கெட்ட பொருள்களின் அளவு, அதாவது மொத்த போலார் சேர்மம், 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதை அளக்கும் கருவியைத் திருவிழா முடியும்வரை தமுக்கம் மைதானம் பக்கம் ஓரிடத்தில் வைத்துவிடுங்கள், கடைக்காரர்களே சட்டியோடு வந்து காட்டுவார்கள். கழிவெண்ணெயை அங்கேயே எடுத்துக்கொள்ள ஏற்பாடு இருந்தால் அது சாக்கடைக்கும் போகாது, அடுத்த நாள் சட்டிக்கும் திரும்பாது.

நான்காவது, யாரும் கண்டுகொள்ளாத தேங்காய்ச் சட்னி. சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஓரம் நுரைக்கத் தொடங்கும், வாசனை மாறுவதற்கு முன்பே கெட்டிருக்கும். மாலை 4 மணிக்கு அரைத்ததை இரவு 9 மணிக்கு ஊற்றக் கூடாது. சிறிய அளவில் இரண்டு மூன்று முறை அரைக்க வேண்டும். அரைக்க மிக்சி ஓட வேண்டும், மிக்சிக்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குச் சம்மதக் கடிதம் வேண்டும். சட்னியின் பாதுகாப்புகூட இட எண்ணில் வந்துதான் முட்டுகிறது.

எரிவாயு பற்றி நாங்களே கண்டிப்பு கேட்கிறோம். வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரைக் கடையில் வைப்பது குற்றம், வணிகத்துக்கு 19 கிலோ. உரிமம் இல்லாமல் ஒருவர் 100 கிலோ வரை வைத்துக்கொள்ளலாம், அதாவது ஐந்து சிலிண்டர். ஆனால் பத்தடிக் கடைகள் பத்து ஒட்டி நின்று, கடைக்கு இரண்டு வைத்தாலே நூறு அடிக்குள் 380 கிலோ சேர்ந்துவிடும். தனித்தனி ஆள் கணக்கு நெருப்புக்குத் தெரியாது. கடையில் எரிவது ஒன்று மட்டும், மாற்று சிலிண்டர்கள் வரிசைக்குப் பின்னால் நிழலில் தனியே, ஐந்து கடைக்கு ஓர் இடைவெளி என்று கடை இடங்களின் வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்.

காவல்துறையின் கவலையும் எங்களுக்குப் புரிகிறது. 2022 ஏப்ரல் 16-ல் அழகர் இறங்கியபோது வைகையில் ஏற்பட்ட நெரிசலில் இரண்டு உயிர் போனது. கோரிப்பாளையத்திலிருந்து ஆற்றுக்கு இறங்கும் வழிகளில் ஒரு தள்ளுவண்டிகூட நிற்கக் கூடாது என்றால் சரி, நிற்கவில்லை. அதை 30 நாள் முன்பே கோடு போட்டுச் சொல்லுங்கள். மாவு கரைத்து, எண்ணெய் காய்ந்தபின் வண்டியைத் தள்ளச் சொன்னால், கொதிக்கும் சட்டியோடு கூட்டத்துக்குள்தான் போக வேண்டியிருக்கிறது.

பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கையொப்பமிட்ட நகல் தர வேண்டும் என்று 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. கெடும் பொருளைக் கேட்ட அன்றே, கெடாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். திருவிழாக் கடைகளுக்கும் இதே முறையைக் கடைப்பிடிக்குமாறு எழுத்தில் ஓர் உத்தரவு வேண்டும். பணியாரச் சட்டியும் அடுப்பும் மட்டுமே முதலாக உள்ள பெண்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். பிட்டு விற்ற வந்திக்காக இறைவன் மண் சுமந்ததை ஆவணிதோறும் புட்டுத்தோப்பில் கொண்டாடும் ஊர் இது.

இந்த முறை ஒரு விழாவோடு நிற்க வேண்டியதில்லை. தெப்பத் திருவிழாவுக்கும், அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுகளுக்கும் இதே ரசீதும் முகாமும் பொருந்தும்.

அடுத்த பங்குனியில் வரைபடத்தை மண்டல அலுவலகப் பலகைகளில் ஒட்டுங்கள். இடங்களை அளந்து எண் போட ஆள் போதவில்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். அளவு நாடாவும் சுண்ணாம்பு வாளியும் எடுத்துக்கொண்டு நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
திருவிழாக்களில் உணவுக்கடை போடுவோர்,
மதுரை