ஆச்சிமார் பாட்டையும் காப்பாற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய சினிமாப் பாட்டுகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, அந்தக் காலத்து இசையும் இலக்கியமும் அறத்தை மட்டுமே சொல்லின என்று வாசகர் ஒருவர் போன வாரம் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் என்ற முறையில் அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் பாட்டு ஊரைக் கெடுக்கிறது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஊர் எப்படியோ அப்படித்தான் பாட்டு. எங்கள் செட்டிநாட்டுப் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

என் ஆயா (பாட்டி) தாலாட்டுப் பாடினால் முதலில் அம்மான் சீர் வரிசையாக வரும். வெள்ளிச் சங்கு, பொன் அரைஞாண், தேக்குத் தொட்டில் என்று ஒன்றையும் விடமாட்டார்கள். அப்புறம் கப்பல் வரும், ரங்கூன் வரும், ஐயா (தாத்தா) கடை வைத்திருந்த வீதி வரும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குக் குடும்பத்தின் சொத்துப் பட்டியலையே சொல்லித் தூங்க வைத்தார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போனவர்களின் ஊரில் தாலாட்டு வேறு எப்படி இருக்கும்?

அந்தப் பாட்டில் யார் வரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930இல், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்த எங்கள் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம். 1938இல் அது 25 சதவீதம். நெல் விலை விழுந்ததால் கடனைக் கட்ட முடியாத விவசாயிகளிடமிருந்து வந்த வயல்கள் அவை. நான் கேட்ட எந்தத் தாலாட்டிலும் அந்த விவசாயி இல்லை. நம் பேரேடுகளில் மகமை என்ற தர்மக் கணக்குக்கு ஒரு பங்கு ஒதுக்கினோம், கோயில் கட்டினோம், பாடசாலை வைத்தோம். அதெல்லாம் உண்மை. அந்த வயல்களும் உண்மை. பாட்டு எதைச் சொல்லாமல் விட்டதோ அதிலும் நாம் இருக்கிறோம்.

தாலாட்டு மறைத்ததில் பாதியையாவது ஒப்பாரி சொல்லிவிடும். கடல் கடந்து கடைக்குப் போன ஆண்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் திரும்புவார்கள். அதுவரை இத்தனை பெரிய வீட்டில் மாமியாருக்கும் கொழுந்தனாருக்கும் நடுவே இருந்தவளுக்கு வாயைத் திறந்து பேச ஓர் இடமும் இல்லை. கேத வீட்டில், அதாவது சாவு வீட்டில் மட்டும் இடம் கிடைத்தது. பிள்ளை இல்லாமல் புருஷனை இழந்தவள், யாரைப் பிள்ளை கூட்டுவது (தத்து எடுப்பது) என்று பங்காளிகள் தன்னைக் கேட்காமலே பேசி முடித்ததை, அதே பங்காளிகள் முகப்பில் உட்கார்ந்திருக்கும்போதே பாட்டாகச் சொல்லி அழுவாள். அவளை யாரும் அடக்க முடியாது, அது ஒப்பாரியின் உரிமை. நீதி நூல்களை மதிப்போடு நடத்தியவள்தான் நான். ஆனால் எங்கள் வீடுகளில் நியாயம் எங்கே தவறியது என்று எனக்குக் காட்டியவர்கள் இந்த ஆச்சிமார்தான்.

அந்தக் காலத்தில் எல்லோரும் அறத்தோடு வாழ்ந்தார்கள் என்பவர்களுக்கு வ.சுப. மாணிக்கனார் கதையை நினைவுபடுத்துகிறேன். மேலைச்சிவபுரியில் பிறந்து, சிறு வயதிலேயே பர்மாவுக்குத் தொழில் பழகப் போனவர். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள். சொல்ல மாட்டேன் என்றார். வேலை போயிற்று. ‘பொய் சொல்லா மாணிக்கம்’ என்ற பெயரோடு ஊர் திரும்பி, பண்டிதமணி கதிரேசனாரிடம் தமிழ் படித்து, பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆனார். அந்தப் பையனும் நம்மவர், பொய் சொல்லச் சொன்னவரும் நம்மவர். இரண்டு பேரும் ஒரே கடையில் இருந்தார்கள்.

மேடைக்கு வந்த தமிழுக்குச் செட்டிநாடு செய்தது கொஞ்சமல்ல. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டு கடைசியில் பாடும் துக்கடாவாக ஒதுங்கிக் கிடந்த நாளில், கானாடுகாத்தான் ராஜா அண்ணாமலைச் செட்டியார் 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். சென்னையில் தமிழ் இசைச் சங்கம் 1943இல் வந்தது. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் விழா, பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் நிறைவு பெறுகிறது. நானும் வருஷம் தவறாமல் போகிறேன். பரதனின் அண்ணன் பாசத்தைக் கேட்டுக் கண் கலங்குகிற கூட்டத்தில், பரம்பரை வீடான வளவைப் பங்கு போடுவதில் தகராறாகி அண்ணனோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்கள் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். எப்படி இருக்க ஆசைப்பட்டோம் என்பதற்கு அந்த மேடை சாட்சி. எப்படி இருந்தோம் என்பதற்கு வளவில் பாடிய பாட்டு சாட்சி. மேடைக்கு ஆள் இருக்கிறது, வளவுக்கு இல்லை.

சமீபத்தில் எங்கள் உறவில் ஒரு வீடு கைமாறியது. வாங்க வந்தவர் பர்மா தேக்குத் தூண்களைத் தட்டித் தட்டிப் பார்த்து விலை பேசினார். எனாமல் பாத்திரங்கள் பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போகத் தனியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் கிடந்த நோட்டுகள் பழைய பேப்பர்க்காரர் தராசில் ஏறின. அதில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். முன்பக்கம் மொய்க் கணக்கும், சீர் முறைகளைக் குறித்த முறைச்சிட்டையும். திருப்பிப் பார்த்தால் பென்சிலில் தாலாட்டு, இரண்டு மூன்று பேர் கையெழுத்தில். ஒருத்தர் எழுதிய அடியை இன்னொருத்தர் அடித்துவிட்டு, அம்மான் பெயரை மாற்றி எழுதியிருக்கிறார். அடுத்த பிள்ளைக்குப் பாடியது போலிருக்கிறது.

கோட்டையூர் ரோஜா முத்தையா நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று எதையும் வீசாமல் சேர்த்தார். அதனால்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவரைப்போல ஒருவர் ஊருக்கு ஊர் வருவார் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை, கையில் போன் இருக்கிறது.

தாலாட்டைக் கேட்டால் எந்த ஆச்சியும் பாடுவார்கள். ஒப்பாரி அப்படியல்ல, நல்லபடியாக இருக்கிற வீட்டில் அதைப் பாடக் கூடாது என்பார்கள். அதை மதிக்க வேண்டும். அதற்கு ஏதாவது கல்லூரியிலோ நூலகத்திலோ தனியாக ஓர் அறை கேட்டு ஏற்பாடு செய்யலாம், அழகப்பா பல்கலைக்கழகம் மனது வைத்தால் நடக்கும். தங்கள் பத்திரிகை ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் ஒரு கால் பக்கம் ஒதுக்கினால் வாரம் ஒரு பாட்டு வெளியிடலாம். அனுப்புகிறவர்கள் பாடியவரின் பெயர், பிறந்த ஊர், புகுந்த ஊர் மூன்றையும் குறித்து அனுப்ப வேண்டும். பாட்டு பெண்ணோடு ஊர் மாறியது, புகுந்த ஊரை மட்டும் எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போய்விடும். என்னிடம் இருக்கும் நோட்டின் நகலை முதலாவதாக அனுப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
தேவகோட்டை.