தம்பி, சனிக்கிழமை புலியூர்க்குறிச்சிக்கு வா

அன்புள்ள தம்பிக்கு,

பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. இங்கே எழுதினால் எப்படியும் வாசிப்பாய் என்று தெரியும். பேர் போடவில்லை, பயப்படாதே.

சித்தி சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. ஈஸ்டர் கழிந்து மூன்றாவது வாரமே மறுபடியும் தொடங்கிவிட்டாயாம். பூசைக்கும் போவதில்லையாம். "எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போறதுன்னு கேக்கான்" என்று அழுதாள். நீ குடித்ததைவிட இந்தப் பேச்சுதான் எனக்குப் பயம்.

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாளும் நீ குடியைத் தொடவில்லை. அது சின்னக் காரியமில்லை. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே: அப்போது ரப்பர் இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருந்தது, கையில் காசும் கிடையாது. பாதி பக்தி, பாதி பஞ்சம். புது இலை வந்து, வெட்டு தொடங்கி, சனிக்கிழமைக் கூலி கைக்கு வந்தபோதுதான் உன் தவக்காலம் ஆரம்பித்தது. என்னுடைய முதல் இரண்டு முயற்சியும் இதே இடத்தில்தான் சரிந்தன.

இரண்டாவது தடவை விழுந்தது மகள் முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்றைக்கு. பந்தலுக்குப் பின்னால் வாழைமூட்டில் ஒளித்து வைத்துக் குடித்தேன். அவள் வெள்ளை உடுப்போடு தேடி வந்து, "அப்பா, போட்டோ எடுக்கக் கூப்பிடுறாங்க" என்றாள். அந்தப் போட்டோவில் எல்லோரும் சிரிப்பார்கள். வாடை வந்துவிடும் என்று நான் மட்டும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பேன். அப்புறம் எட்டு மாதம் கோயில் படி ஏறவில்லை. நீ கேட்ட அதே கேள்விதான் காரணம்.

புலியூர்க்குறிச்சி என்றால் தேவசகாயம் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். அவர் பேரைச் சொன்னதும் நம்மவர்கள் அவரைக் கொன்ற காற்றாடிமலைக்குப் போய்விடுவார்கள்: 1752 ஜனவரி 14, துப்பாக்கிச் சூடு, 2022இல் புனிதர் பட்டம். எனக்கு அந்தக் கதையின் தொடக்கம்தான் பிடிக்கும். 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர் டிலனாய். திருவிதாங்கூர் அரண்மனை வேலையில் இருந்த நட்டாலத்து நீலகண்டன், அவர்தான் பின்னால் தேவசகாயம். ஆடுமாடு செத்து, வயல் நஷ்டமாகி மனமுடைந்து நின்ற அந்த மனிதருக்கு பைபிளில் எல்லாம் இழந்து நின்ற யோபுவின் கதையை டிலனாய் சொன்னார். யோசித்துப் பார், அதைச் சொன்னது ஜெயித்த ஆள் இல்லை.

யோபு ஒன்றும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, மக்களே. தான் பிறந்த நாளையே சபித்தார், கடவுளிடம் வழக்காடினார். 'நீ பாவம் செய்ததால்தான் இப்படி' என்று விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் கடைசியில் கடவுள் கடிந்துகொள்கிறார். உன் வீட்டுக்கு வந்து அப்படிப் பேசுகிறவர்களை நீ பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

நீலகண்டன் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். 1749இல் பிடித்தார்கள். எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். பிடித்ததிலிருந்து கொன்றது வரை கிட்டத்தட்ட மூன்று வருஷம்! நம் பிரசங்கங்களில் அது மூன்று நிமிஷத்தில் முடிந்துவிடும். ஆயிரத்துக்குக் குறையாத விடியல் அது. ஒவ்வொரு விடியலிலும் அவர் மறுபடி 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டும்.

நமக்கு அவ்வளவு பெரிய சோதனை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான். பால் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கித் தடியில் பட்டுவிட்டால், புதுப்பட்டை வரும்போது அங்கே முண்டு விழும். அடுத்த முறை அந்தப் பக்கம் வெட்டும்போது கத்தி இடறும். அதற்காக மரத்தையா முறிக்கிறோம்? அந்த இடம் வந்ததும் கையை மெதுவாக்குகிறோம். ஒன்பது வருஷமாகியும் எனக்குச் சனிக்கிழமை இடறத்தான் செய்கிறது. அதனால் என் கூலியை உன் மைனிதான் போய் வாங்குகிறாள். பெண்டாட்டி பின்னால் ஒளிகிறான் என்று கேலி செய்கிறார்கள். சரி, ஒளிகிறேன்தான்.

இன்னொன்று. காலையில் கை நடுங்குகிறது என்றால் நீயாகத் திடீரென்று நிறுத்தாதே, முதலில் டாக்டரைப் பார். எனக்கு இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு இல்லை. பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு நம் பங்குச் சாமியாரிடம் போகக் கூச்சமாக இருந்தால் வேறு பங்குக்குப் போ. நான் இரண்டு பஸ் மாறித்தான் போனேன்.

வருகிற சனிக்கிழமை நாலு மணிக்கு உதயகிரி கோட்டை வாசலில் நிற்பேன். உள்ளே டிலனாயின் கல்லறையைப் பார்த்துவிட்டு முட்டிடிச்சான்பாறைக்குப் போவோம். தாகத்தில் தேவசகாயம் முழங்கையால் இடித்தபோது தண்ணீர் வந்ததாகச் சொல்லும் அதே பாறை. நான் பிரசங்கம் பண்ண மாட்டேன், சத்தியம்.

கூலியைச் சித்தி கையில் கொடுத்துவிட்டு வா. குடித்திருந்தாலும் வா. அப்படியானால் பைக்கை மட்டும் எடுக்காதே, பஸ்ஸில் வா.

உன் அண்ணன்