சீவாளி சொல்லும் சுருதி

அன்புள்ள நண்பா,

ஸ்காட்லாந்தின் பேக்பைப்பையும் (காற்றுப்பையுள்ள ஊதுகுழல்) மின்கருவிகளையும் சேர்த்து நீ அனுப்பிய ஒலிக்கலவையைக் கேட்டேன். பேக்பைப் வரும் இடமெல்லாம் பிசிறடிக்கிறது என்று எழுதியிருந்தாய். குற்றம் பேக்பைப்பின் மேல் இல்லை, உன் கீபோர்டு மேல்.

ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவின் பீட்பாக் ஃபேரீஸ் இசைக்குழுவை எடுத்துக்கொள். 1991இல் தொடங்கியது. முன்னால் பேக்பைப், பிடில், விசில் என்ற சின்னக் குழல். பின்னால் பேஸ் கிட்டார், டிரம்ஸ், சிந்தசைசர். சுருதியில் பேக்பைப் யாருக்காகவும் நகராது, மற்றவர்கள்தான் நகர வேண்டும். பழைய நாட்டுப்புறக் கருவியும் மின்கருவியும் கலக்கும் இந்த வகை இசைக்கே அதுதான் அடிப்படை.

இந்த ஹைலாந்து (ஸ்காட்லாந்து மலைநாட்டு) பேக்பைப்பில் ஒன்பதே ஸ்வரம். தாளில் 'ஏ' என்று எழுதியிருப்பதை ஊதினால் 470 ஹெர்ட்ஸைத் (நொடிக்கு அத்தனை அதிர்வு) தாண்டும், சில சமயம் 480ஐத் தொடும். நீ கீபோர்டின் வழக்கமான 440இல் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சேரும்? 440க்கு அரை ஸ்வரம் மேலே, 466க்குச் செய்த குழல் கிடைக்கும். பேக்பைப் வாசிப்பவரை அதை வாங்கச் சொல். கிட்டாருக்கு முதல் கட்டையில் கேபோ (தந்திகளை அழுத்தும் கிளிப்), பிடிலுக்கு அரை ஸ்வரம் ஏற்றம், கீபோர்டுக்குச் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தான், அவ்வளவுதான். குழலுக்குள் ஒலி எழுப்பும் சீவாளியின் சுருதி குளிரில் இறங்கும், சூடும் ஈரமும் ஏறினால் சுருதியும் ஏறும். பத்து நிமிடமாவது ஊதவிட்ட பிறகே ட்யூனரைப் பார். ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் தூக்கலாக இருந்தால், அந்தத் துளையின் மேல் விளிம்பில் கொஞ்சம் இன்சுலேஷன் டேப் ஒட்டினால் இறங்கும்.

இவ்வளவு செய்தும் உறுத்தும். ஏன் தெரியுமா? பேக்பைப்பின் ஸ்வர அடுக்கு நம் ஹரிகாம்போதி ராகம்தான், ஆனால் அதன் காந்தாரம் ('க') ஒத்துக்கு, அதாவது விடாமல் ஒலிக்கும் ஆதார சுருதிக்கு, இசைந்த காந்தாரம். கீபோர்டின் காந்தாரத்தைவிட 14 சென்ட் கீழே (அரை ஸ்வரம் நூறு சென்ட்). மேஜர் கார்டை (ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் மூன்றும் சேர்ந்தது) முழுசாக அழுத்தினால் இரண்டும் மோதும். ஆகவே காந்தாரத்தை விட்டுவிடு. ஷட்ஜமும் பஞ்சமமும் போதும். கிட்டாரின் ஆறு தந்திகளையும் டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று சுருதி கூட்டினால், திறந்த தந்திகளில் அந்தச் சிக்கலே வராது. கார்டு மாறும்போது ஒத்துக்குழல்கள் இடித்தால், கார்க் வைத்து அடைத்துவிடலாம்.

தாளத்துக்கு வருகிறேன். நடனத்துக்கு வாசிக்கும் ரீல் என்ற வேகமான மெட்டு நிமிடத்துக்கு 110, 120 அடி; கிளப் இசையின் வேகமும் ஏறக்குறைய அதுவே. அதனால் ரீலின் அடியில் கிக் டிரம்மைச் சும்மா வைத்தாலே உட்காரும். ஸ்ட்ராத்ஸ்பே என்ற இன்னொரு ஸ்காட்லாந்து நடன மெட்டு அப்படியல்ல. முதலில் குட்டி ஸ்வரம், உடனே அதைப்போல் மூன்று மடங்கு நீளம். அந்தத் துள்ளல்தான் அதன் உயிர். மென்பொருளில் ஸ்வரங்களைத் தாளக் கட்டங்களுக்கு நேராக நகர்த்தினாய் என்றால் துள்ளல் போய் நடை மட்டும் மிஞ்சும். ஸ்காட்லாந்து இசைக் கலைஞர் மார்டின் பென்னெட் 2003இல் வெளியிட்ட 'கிரிட்' தொகுப்பைக் கேள்: பழைய நாட்டுப்புறப் பாடகர்களின் பதிவுகளைச் சுற்றித் தாளம் கட்டியிருப்பார். குரல் தாளத்துக்கு அடிமையாகவில்லை.

இன்னொன்று. பேக்பைப்புக்கு நடுவில் ஓய்வும் இல்லை, உரக்கவோ மெல்லவோ ஒலிக்கவும் வராது. ஒரே ஸ்வரம் இரண்டு முறை வர, நடுவே ஒரு கணச் சிதறல் ஸ்வரம் விழ வேண்டும். அதன்மேல் நீளமான எதிரொலியைப் போட்டால் எல்லாம் கூழாகிவிடும். ஒலியின் ஏற்ற இறக்கத்தை அமுக்கும் கம்ப்ரஸரும் வேண்டாம், அமுக்க அங்கே என்ன இருக்கிறது? ஏற்ற இறக்கம் வேண்டுமானால் முதல் சுற்றில் பேஸை நிறுத்தி, இரண்டாம் சுற்றில் விடு. மைக்கைக் குழலின் கீழ்முனை வாயருகே வைக்காதே. கீழ் ஸ்வரங்கள் மட்டும் பெருத்துக் கேட்கும். ஓரடி தள்ளி, விரல் துளைகளின் நடுப்பகுதியைப் பார்த்து வை. பிடிலுக்குப் பிக்கப் (கருவியிலேயே பொருத்தி அதன் அதிர்வை எடுப்பது) கட்டாயம். இல்லாவிட்டால் பிடில் மைக்கிலும் பேக்பைப்தான் கேட்கும்.

கார்டுகளிலிருந்து காந்தாரத்தை எடுத்துவிட்டு அடுத்த கலவையை அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்